கைநாட்டு செல்லாத வாசிப்பு அட்டை

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொன்னீர்கள். வர முடியவில்லை. முழங்கால் வலி ஒரு காரணம். மைக்கைப் பிடித்துவிட்டால் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஜெயித்த கதையை மட்டுமே சொல்வோம் என்பது இன்னொரு காரணம். அதனால் எழுதி அனுப்புகிறேன். யாராவது ஒருவர் படித்துக் காட்டுங்கள். தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். நானும் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் தூங்கியிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பியிருந்த படிவத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எந்தப் பிள்ளை முன்னேறும், எந்தப் பிள்ளை பின்தங்கும் என்று கண்டுபிடிக்க 'குடும்பப் பின்னணி' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள். அப்பா என்ன படித்தார், அம்மா என்ன படித்தார், வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் உண்டா, பாடம் கேட்க ஆள் உண்டா. நல்ல படிவம்தான். வீடு ஒரு பிள்ளையைத் தூக்கியும் விடும், அமுக்கியும் விடும். முப்பத்து நான்கு வருஷம் சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தியவளுக்கு அதில் என்ன சந்தேகம்? ஆனால் இதே மாதிரி ஒரு கட்டத்தை நானும் ஒருமுறை நிரப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. அதைத்தான் எழுதப்போகிறேன். ஆங்கிலம் நடத்தும் முறைகளெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

என் முதல் பள்ளி நன்னிலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருந்தது. நான்கு அறை, ஓட்டுக்கூரை, தலைமையாசிரியரையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள். புது ஆட்சி வந்திருந்த நேரம். இந்தி வேண்டாம், தமிழும் ஆங்கிலமும் போதும் என்று முடிவாகி, ஆங்கிலத்துக்குத் திடீரென்று மவுசு கூடியிருந்தது. மிராசுதார் வீட்டிலும் அதே பேச்சு, அவருடைய வயலில் இறங்கும் கீழத்தெருவிலும் அதே பேச்சு. இங்கிலீஷ் வந்துவிட்டால் பிள்ளை சேற்றில் கால் வைக்க வேண்டாம் என்று ஆளாளுக்கு நம்பினார்கள்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஊரையே திருத்திவிடலாம் என்ற எண்ணம். ஐந்தாம் வகுப்பில் 'வாசிப்பு அட்டை' என்று ஒன்றை ஆரம்பித்தேன். புத்தகத்தில் இருபது பாடங்கள். ஒவ்வொரு பாடத்தையும் பிள்ளை வீட்டில் உரக்கப் படிக்க வேண்டும். கேட்டவர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பார்வையிட வந்த அதிகாரி, மற்ற பள்ளிகளிலும் இதைச் செய்யலாமே என்று பாராட்டிவிட்டுப் போனார். ஒரு வாரம் என் கால் தரையில் பாவவில்லை.

அந்த அட்டையால் பிள்ளைகளின் வீடுகளெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். என் கண்முன்னே நடந்ததையே நான் பார்க்கவில்லை. கடைத்தெருவில் மளிகை வைத்திருந்த பாய் பல வருஷம் சிங்கப்பூரில் இருந்தவர். என்னைவிட வேகமாக இங்கிலீஷ் பேசுவார், கையெழுத்தையும் இங்கிலீஷில்தான் போடுவார். அவர் மகன் மூன்றாம் பாடத்தைத் தாண்டவில்லை. பாய் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது பையன் தூங்கியிருப்பான். கையெழுத்தைக் கல்லாவிலேயே வாங்கிக்கொண்டுவிடுவான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அது நல்ல பின்னணி உள்ள வீடு, பையன்தான் மக்கு என்று முடிவு கட்டினேன்.

இப்போது அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அஞ்சலை கீழத்தெருப் பெண். அப்பா மிராசுதார் பண்ணையில் ஏர் ஓட்டுகிறவர். அம்மா காத்தாயி நடவாள். காத்தாயி பாட்டெடுத்துக் கொடுத்தால்தான் அந்த ஊரில் நடவு வரிசை நகரும் என்பார்கள். அஞ்சலையின் அட்டையில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு இருக்கும். மை இல்லாத வீடு, அதனால் விளக்குக் கரியில் பெருவிரலைத் தொட்டு வைத்திருப்பார்கள். ஆறு பாடங்களுக்கு ஆறு கரும்புள்ளிகள். முதலில் வாங்கிக்கொண்டேன். பிறகு யோசித்தேன். எழுத்தே தெரியாதவர், பிள்ளை சரியாகப் படித்தாளா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? கையெழுத்துப் போடும் பிள்ளைகள் நடுவில் இந்தப் பெண் கரி அட்டையை நீட்டுவது அவளுக்கும் சங்கடம்தானே?

கீழத்தெருப் பிள்ளைகள் ஐந்து பேரிடமும் அட்டையைத் திருப்பி வாங்கிவிட்டேன். "உங்களுக்கு இது வேண்டாம், பரவாயில்ல" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அந்த அன்பை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

அஞ்சலை நன்றாகப் படிப்பாள். வகுப்பிலேயே அவளுடைய வாசிப்புதான் தெளிவு. அவளிடம் எனக்கு இரண்டு குறைகள் இருந்தன. தினமும் காலையில் பாடத்தின் ஒரு வரியைக் காட்டி, "இத இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்" என்று வந்து நிற்பாள். நேற்று நடத்தியதை இன்று மறக்கிறாளே, இது எத்தனை நாளைக்கு ஓடும் என்று தோன்றும். இன்னொன்று, புத்தகம் அழுக்கு. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஒரு கரித்திட்டு. ஒருநாள் எல்லோர் முன்னாலும் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "சரஸ்வதிய இப்படியா வச்சுக்குவே?" என்று திட்டினேன். அவள் பாவாடையின் ஓரத்தால் அந்தத் திட்டைத் துடைக்கவில்லை, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அந்த வருஷம் தை மாதம் சம்பா அறுப்பில் கூலித் தகராறு வந்தது. புது ரக நெல் வந்து விளைச்சல் கூடியிருக்கிறது, கூலி நெல்லையும் கூட்டிக் கொடு என்று கீழத்தெரு கேட்டது. முடியாது என்றார் மிராசுதார். இவர்கள் அறுவாளைக் கீழே வைத்தார்கள், அவர் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் கைகலப்பு. மறுநாள் போலீஸ் வந்து எங்கள் பள்ளியில் இரண்டு அறைகளை எடுத்துக்கொண்டது. கரும்பலகைக்குக் கீழே துப்பாக்கிகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். கீழத்தெருவில் ஏழெட்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அஞ்சலையின் அப்பாவும் அதில் ஒருவர். அந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது அன்றோடு நின்றது.

அந்த வாரம்தான் அந்தப் படிவமும் வந்து சேர்ந்தது. கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் பெண்கள் விடுதிப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஒரு பெண்ணுக்கு எங்கள் பள்ளியிலிருந்து இடம். சாப்பாடு, துணி, பள்ளியிறுதி வரை படிப்பு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆங்கிலத்தில் நல்ல வாசிப்பு உள்ள பெண்ணாக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். அப்பா சிறையில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு அந்த இடம் என்னவென்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அது கிடைத்தால் அவள் படிப்பாள், கிடைக்காவிட்டால் வயலில் இறங்குவாள். நடுவில் வேறு வழி கிடையாது.

போட்டி இரண்டு பேருக்குள். ஒருத்தி அஞ்சலை. இன்னொருத்தி வசந்தா, மிராசுதாரின் நிலபுலன்களை மேற்பார்த்த காரியஸ்தரின் மகள். நல்ல பெண், சுமாராகப் படிப்பாள். அவள் வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் வரும். காரியஸ்தர் ஒருநாள் பள்ளிக்கே வந்து உட்கார்ந்து, "நம்ம வசந்தா பேருதானே டீச்சர் போகுது?" என்றார். மிரட்டவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வீட்டில் பாடம் கேட்பவர் யார்?

தலைமையாசிரியரிடம் கொண்டுபோனேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தவர். மிராசுதாருக்குச் சொந்தமான வீட்டில் குடியிருந்தார். படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரு நடை போயிட்டு வந்து எழுதுங்கம்மா."

"கீழத்தெரு முனையில போலீஸ் நிக்குது சார். போனா, டீச்சரும் அந்தப் பக்கம்னு பேராயிடும்."

"ஆயிடும். அதனாலதான் நானும் போகல. போகாத எனக்கு உங்களப் போகச் சொல்ல வாயில்ல" என்று படிவத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் யோசித்தது முட்டாள்தனமும் இல்லை. விடுதிப் பள்ளியில் ஆங்கிலம் கடுமையாக இருக்கும். லீவுக்கு வீட்டுக்கு வரும்போது புத்தகத்தைத் தொட ஆளில்லாத பிள்ளை அங்கே தாக்குப்பிடிக்குமா? பாதியில் திரும்பி வந்தால் அந்த இடம் வீண்தானே? காரியஸ்தருக்காக எழுதவில்லை, நியாயமாகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அஞ்சலையின் பெயருக்கு நேரே 'எவருமில்லை' என்று எழுதினேன். வசந்தாவின் பெயருக்கு நேரே 'தந்தை' என்று எழுதி, அவளைப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை காலையில் தபாலில் போட்டேன்.

ஆனி மாதம் வசந்தா விடுதிக்குப் போனாள். ஊரில் சமாதானமாகி, போலீஸ் போய், குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. கீழத்தெருப் பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வரவில்லை. பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியிலாவது சேர்க்கலாமே என்று வரப்பு வழியாகக் கிளம்பினேன். பயம் தெளிந்த பிறகு எனக்குத் தைரியம் வந்திருந்தது.

பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் ஒரு அடியைத் தூக்கிக் கொடுக்க, மற்றவர்கள் அதை அப்படியே வாங்கித் திருப்பிச் சொன்னார்கள். அந்தக் குரல் என்னைப் பார்த்ததும் நின்றது.

"டீச்சர், கொஞ்சம் நில்லுங்க. ஒண்ணு கேக்கணும்" என்று காத்தாயி முழங்கால் சேற்றோடு வரப்போரம் வந்தார். "எங்க அஞ்சல தப்பாப் படிக்குதுங்களா?"

"இல்லையே, நல்லாத்தான் படிப்பா."

"அப்பறம் ஏங்க அட்டைய வாங்கிட்டீங்க?"

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான்…"

"என்னங்க செரமம்? நாந்தான் தெனம் கேட்டனே."

"கேட்டீங்களா? உங்களுக்கு இங்கிலீஷ்…"

"எழுத்து தெரியாதுங்க. காது இருக்குல்ல? பாட்டெடுக்கறவளுக்குக் காதுதானே எல்லாம். ஒரு பாடத்த மூணு தரம் படிக்கச் சொல்லுவேன். மூணும் ஒண்ணு போல வந்தா சரி. ஒரு எடத்துல மாறிச்சுன்னா, அங்க அதுக்குச் சரியா வல்லன்னு அர்த்தம். 'காலையில மொத வேலையா டீச்சர்கிட்ட கேட்டுட்டு வா'ன்னு அனுப்புவேன். வந்து கேட்டுதா இல்லியா?"

கேட்டாள். தினமும் கேட்டாள். அதைத்தான் நான் மறதி என்று கணக்கில் வைத்திருந்தேன்.

"அட்டை போச்சேன்னு புஸ்தகத்துலயே வச்சேங்க, கைநாட்டு. மை ஏது நம்ம வீட்டுல, வெளக்குக் கரிதான். பாடத்துக்கு ஒண்ணு. நீங்க பாக்கலியா?"

நான் நம்பவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "தி ஃபார்மர் கோஸ் டு த ஃபீல்ட். ஹி ஒர்க்ஸ் ஃப்ரம் மார்னிங் டு ஈவ்னிங்…" பன்னிரண்டாம் பாடம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, நான் எங்கே மூச்சு விடுவேனோ அங்கே மூச்சு விட்டு, நான் எங்கே அழுத்துவேனோ அங்கே அழுத்திச் சொன்னார். என் குரல் என் வகுப்பிலிருந்து அவர் மகள் வழியாக அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு இடத்தில்கூடச் சிந்தவில்லை.

"இதுல எங்கயாச்சும் தப்பு இருக்குங்களா டீச்சர்?"

"இல்லை."

"இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"குடியானவன் வயலுக்குப் போறான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வேலை செய்யறான்."

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "இதச் சொல்லித் தரத்தான் இவ்ளோ பெரிய பள்ளிக்கூடமா?" என்றார் ஒருவர். காத்தாயியும் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்போதுதான் வரிசையின் கடைசியில் ஒரு பாவாடை தூக்கிச் செருகியிருப்பதைக் கவனித்தேன். அஞ்சலை. இடது கையில் நாற்றுமுடி. அவள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கப்பா கேசு முடியறவரைக்கும் ரெண்டு கை பத்தலீங்க" என்றார் காத்தாயி. "விடுதியில எடம் கெடைச்சிருந்தா இதுபாட்டுக்கு அங்க போயிருக்கும். யாரோ நல்லாப் படிக்கிற புள்ளைக்குக் கெடைச்சுதாம். சரி, அதுவும் ஒரு பொம்பளப் புள்ளதானே, படிக்கட்டும்."

அந்த 'சரி'யை வாங்கிக்கொண்டு நான் திரும்பி நடந்தேன். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பள்ளிக்கு வந்து, படிவம் எழுதுவதற்காகத் தையில் வாங்கி வைத்த அட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்தேன். வசந்தாவின் அட்டையில் இருபது கையெழுத்துகள். எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டவை. அந்தத் தை மாதத்தில் நான் பதினேழு பாடம்தான் நடத்தியிருந்தேன். நடத்தாத மூன்று பாடங்களையும் மகள் படிக்கக் கேட்டதாகக் காரியஸ்தர் கையெழுத்துப் போட்டிருந்தார். இது முதலில் என் கண்ணில் படவில்லை என்று சொல்ல ஆசைதான். பட்டிருக்கும். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் கேட்கவும் கேட்டிருப்பார் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

வசந்தா தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. இங்கிலீஷ் பாடத்தில் அழுதாளாம், கடல்காற்றும் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவளைக் குறை சொல்ல மாட்டேன், பத்து வயதுப் பெண். நான் விடுதிக்கு ஒரு கடிதம் எழுதினேன், பிறகு இன்னொன்று. நேரிலும் போய் நின்றேன். நடுவில் சேர்ப்பதில்லை, அடுத்த வருஷ இடம் அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பெண்ணுக்குத்தான் என்று மரியாதையாகச் சொன்னார்கள். விதி அப்படி. அஞ்சலையின் இடத்தில் யாருமே படிக்கவில்லை, அது காலியாகவே கிடந்தது. பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்கும் அவள் போகவில்லை. சம்பா நடவு வந்தது, அறுப்பு வந்தது, அவள் வரிசையிலேயே நின்றுவிட்டாள்.

வாசிப்பு அட்டையை நான் விட்டுவிட்டேன். கீழத்தெருவுக்கு நடக்க ஆரம்பித்தேன். ஜூன் மாதமே எல்லா வீட்டுக்கும் ஒரு நடை. பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். இதனால் பெரிய மாற்றம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில வீடுகளில் யாருமே இல்லைதான். பசியும் குடியும் இருக்கிற வீட்டில் எந்தக் காது கேட்கும்? அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது வேறு, மேஜையில் உட்கார்ந்து எழுதுவது வேறு. உங்கள் படிவத்தின் கடைசியில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'ஆசிரியர் இந்த வீட்டுக்கு நேரில் போன தேதி.' வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள்.

பதினெட்டு வருஷம் கழித்து அதே பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தேன். அந்த வருஷம் பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு: ஆங்கில வாசிப்புக்குப் பெற்றோர் கையொப்பத்துடன் அட்டை. நான் அன்று ஆரம்பித்து வைத்த சனியனே ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அட்டைகளை அச்சடித்துக் கொடுத்தோம்.

ஒருநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு பெண் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். தலையில் சும்மாடு, இடுப்பில் கருக்கரிவாள். அறுப்புக்குப் போகிற வழி. எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமானது. அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. அட்டையை மேஜைமேல் வைத்தாள். முதல் ஏழு பாடங்களுக்கு 'அஞ்சலை' என்று திருத்தமான கையெழுத்து, ஒவ்வொன்றும் வேறு வேறு நாள், வேறு வேறு மை. எட்டாவது பாடத்துக்கு நேரே விளக்குக் கரியில் ஒரு பெருவிரல்.

"அன்னைக்கு எனக்குக் களத்துல வேலைங்க. அம்மாதான் இவ படிக்கக் கேட்டுச்சு. மூணு தரம் கேட்டுச்சு" என்றாள். விரலால் அந்தக் கரித்திட்டைக் காட்டினாள். "இது செல்லுங்களா டீச்சர்?"

எத்தனையோ சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் படிவம், 'எவருமில்லை', அந்த இருபது கையெழுத்து. "செல்லும்" என்று மட்டும் சொன்னேன்.

அட்டையை எடுத்து மகளின் பையில் வைத்தாள். பையின் காதை அவள் தோளில் சரியாக மாட்டிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, கோபம் எதுவும் இல்லாமல், "செல்லும்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாங்க டீச்சர்" என்றாள். வெயில் ஏறுவதற்குள் வயலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக நடந்துவிட்டாள்.